குளிர்காலத்தில் வீடு நிறைய விருந்தினர்: எது மக்கர் செய்யும், எப்படிச் சரிசெய்வது

இரண்டு மூன்று பேர் இருக்கும்வரை கண்ணில் படாத பழுது, எட்டுப் பேர் தங்கும் முதல் இரவிலேயே வெளியே வந்துவிடும். வெந்நீர் பாதியில் தீரும், பிரேக்கர் விழும், சிங்க்கில் தண்ணீர் தேங்கும். பெரும்பாலும் எதுவும் அன்றைக்குப் புதிதாகக் கெட்டிருக்காது. ஏற்கெனவே தளர்ந்திருந்த இடத்தில் குளிரும் கூட்டமும் ஒரே நேரத்தில் சுமை ஏற்றுகின்றன, அவ்வளவுதான்.

அதனால் விருந்தினர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு மாலை முழுக்க வீட்டை ஒத்திகை பாருங்கள். பூட்டிக் கிடக்கும் அறை உட்பட எல்லா அறைகளிலும் ஹீட்டிங்கைப் போடுங்கள். ஷவரை 10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, உடனே இன்னொரு 10 நிமிடம் ஓடவிடுங்கள். அடுப்பு, கெட்டில், வாஷிங் மெஷின் மூன்றையும் ஒன்றாக இயக்குங்கள். என்ன கெடப்போகிறதோ அது அன்றே தெரிந்துவிடும். உதிரிபாகம் வாங்கவும் ஆள் கிடைக்கவும் இரண்டு வாரம் தேவைப்படும் என்பதால்தான் இவ்வளவு முன்பே சொல்கிறோம். கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைத் தேடிப் படித்தால் போதும். முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல்

காய்ச்சல் இல்லை, வெளியே போய் நின்றால் சரியாகிறது, உள்ளே வந்ததும் திரும்ப வருகிறது என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து தலையை எண்ணிவிட்டு, வெளியிலிருந்தே அவசர உதவி எண்ணை அழையுங்கள். போகிற வழியில் கைக்கெட்டினால் ஜன்னலைத் திறந்து பாய்லரை அணைக்கலாம், அதற்காகத் திரும்பி உள்ளே போகக்கூடாது.

முன்கூட்டியே கவனித்தால் இது நேராமல் தடுக்கலாம். எரிவாயு பர்னரின் சுடர் நீலமாக, நிமிர்ந்து எரிய வேண்டும். சோம்பலாக ஆடும் மஞ்சள் சுடர், பாய்லரைச் சுற்றிக் கரிக்கறை, இரண்டும் எரிவாயு முழுதாக எரியவில்லை என்பதன் அடையாளங்கள். (விறகு போலத் தோன்றச் செய்த அலங்கார எரிவாயு அடுப்புகளில் சுடர் மஞ்சளாகத்தான் இருக்கும், அது வேறு.) உறங்கும் இடத்துக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் கத்துகிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று மட்டும் வந்தால் பேட்டரி தீர்கிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது. மாற்ற வேண்டிய ஆண்டு பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். வெளியே குளிர்கிறதே என்று கரியடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவரவே கூடாது, கதவு திறந்திருந்தாலும்.

கணப்படுப்பில் புகை அறைக்குள் திரும்புகிறதா? முதலில் புகைபோக்கியின் தட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தும் திரும்பினால், நாள்கணக்கில் எரியாத புகைபோக்கிக்குள் கனமான குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, புகைபோக்கியின் வாயருகே ஓரிரு நிமிடம் பிடித்தால் அது சூடேறி இழுக்கத் தொடங்கும். சமையலறை எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் அது புகையை உள்ளே உறிஞ்சும். அதை நிறுத்தி, அதே அறையில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவையுங்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈர விறகின் புகையில் உள்ள தார் உள்சுவரில் படிந்து, பிறகு அதுவே தீப்பிடிக்கும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். அணைந்ததுபோல் தெரியும் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ரேடியேட்டர் மேலே சில்லென்று, கீழே சூடாக இருக்கிறது

பாய்லரிலிருந்து வரும் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இந்த உலோகப் பலகைக்குள் காற்று சேர்ந்திருக்கிறது. காற்று மேலே நிற்பதால் வெந்நீர் அங்கே ஏற முடியவில்லை.

1. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் இன்னும் காற்று உள்ளே இழுக்கப்படலாம்.
2. ரேடியேட்டரின் மேல் மூலையில் சதுரத் தலையுள்ள சிறிய திருகு இருக்கும். அதற்கான சாவியைப் பொருத்தி, கீழே ஒரு கிண்ணமும் பழந்துணியும் பிடித்துக்கொள்ளுங்கள்.
3. இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அதற்கு மேல் திருகினால் திருகு கையோடு வந்துவிடும், கருந்தண்ணீர் சுவரெல்லாம் அடிக்கும்.
4. முதலில் 'உஸ்ஸ்' என்று காற்று வரும். பிறகு விட்டுவிட்டுத் துப்பும். தண்ணீர் நூல்போல் இடைவிடாமல் வந்ததும் மூடிவிடுங்கள்.
5. கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடியுங்கள்.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். காற்று போன அளவுக்கு அழுத்தமும் குறைந்திருக்கும். மூடிய அமைப்பாக இருந்தால் பாய்லரின் அழுத்தமானி ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். குறைந்தால் நிரப்பும் வால்வைத் திறந்து, அந்த அளவு வந்ததும் இறுக மூடுங்கள். நிரப்பிய சில நாளில் மறுபடியும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சூடானதும் முள் 3 பார் வரை ஏறி, ஆறியதும் சுழியத்துக்கு அருகில் விழுந்தால், சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத்தொட்டியில் காற்று போய்விட்டது என்று பொருள். அது மெக்கானிக்கின் வேலை.

மேலே சூடு, கீழே நடுவில் மட்டும் சில்லென்றால் காற்று இல்லை, துருச்சேறு. சாவியால் தீராது, கழற்றியோ பம்ப் வைத்தோ கழுவ வேண்டும். ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுதாகக் குளிர்ந்திருந்தால் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வின் தலையைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒரு சிறிய ஊசி துருத்திக்கொண்டிருக்கும். கோடை முழுக்க அசையாமல் இருந்ததால் அது கீழேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் மெதுவாக அழுத்தி விடுங்கள், துள்ளி மேலே வர வேண்டும். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி வெளியே வந்தால் தண்ணீரும் கூடவே வரும்.

இரண்டாவது ஆள் குளிக்கும்போதே வெந்நீர் தீர்ந்துவிடுகிறது

"கோடையில் இதே தொட்டி போதுமானதாக இருந்ததே" என்ற கேள்விக்குப் பதில் கணக்கில் இருக்கிறது. 100 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கிறது, நீங்கள் குளிப்பது 40 டிகிரியில் என்று வைத்துக்கொள்வோம். வரும் பச்சைத்தண்ணீர் 20 டிகிரியாக இருந்தால் கலந்து 200 லிட்டர் குளிநீர் கிடைக்கும். அதே தண்ணீர் குளிர்காலத்தில் 5 டிகிரியில் வந்தால் 157 லிட்டர்தான். உள்ளே வரும் தண்ணீர் தொட்டியில் இருப்பதையும் குளிரவைப்பதால் நடைமுறையில் அதிலும் கொஞ்சம் குறையும்.

உங்கள் ஷவர் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க 10 லிட்டர் வாளியை அடியில் வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் 157 லிட்டர் என்பது கால் மணி நேரம்தான். நிதானமாகக் குளிக்கும் ஒருவருக்கே சரியாகப் போய்விடும். தீர்ந்த தொட்டியை 2 கிலோவாட் எலிமென்ட் திரும்பச் சூடாக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே பாதிப்பேர் இரவிலும் பாதிப்பேர் காலையிலும் குளிப்பதும், நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டுவதும் பெரிய தொட்டி வாங்குவதைவிட உடனே பலன் தரும்.

சேமிப்பே இல்லாமல் ஓடும்போதே சூடாக்கும் பாய்லர் என்றால் சிக்கல் வேறு. தண்ணீர் தீராது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் போதாது. 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டரை 35 டிகிரி உயர்த்தும். ஒருவர் குளிக்கையில் இன்னொருவர் பாத்திரம் கழுவினால் இருவருக்கும் வெதுவெதுப்புதான். யாராவது குளிக்கும்போது சமையலறை வெந்நீரைத் திறப்பதில்லை என்று வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எப்போதும் வந்த அளவில் திடீரென்று பாதி மட்டுமே வருகிறதா? இரண்டு எலிமென்ட் உள்ள தொட்டியில் கீழ் எலிமென்ட் எரிந்துபோயிருக்கும். சூடேறும்போது சோளம் பொரிவதுபோல் சத்தம் வந்தால் அடியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. மின்சாரத்தை அணைத்து, வடிகால் குழாயில் ஹோஸ் மாட்டி, தெளிவாக வரும்வரை வடித்துவிடுங்கள்.

மின்செலவைக் குறைக்கத் தொட்டியை 45, 50 டிகிரியில் வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த வெப்பத்தில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா செத்துவிடாது, தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும். அதே சமயம் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். இரண்டுக்கும் பொதுவான தீர்வு, தொட்டியை அப்படியே வைத்து, குழாய்க்கு முன் வெப்பநிலைக் கலப்பு வால்வு பொருத்துவது. வீட்டுக்கு வரும் குழந்தைக்கு உங்கள் வீட்டுக் குழாயின் சூடு பழக்கமில்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஜன்னல் வியர்க்கிறது, மூலையில் கறுப்புப் புள்ளிகள்

முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். ஈரம் அறைப்பக்கம் இருந்தால் வீட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். இரட்டைக் கண்ணாடியின் நடுவில், எந்தப் பக்கம் தேய்த்தாலும் போகவில்லை என்றால் அதன் சீல் போய்விட்டது, அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். உள்ளே உள்ள சூடு வெளிக்கண்ணாடிக்குப் போகவில்லை, ஜன்னல் நன்றாக வேலை செய்கிறது.

தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை மூச்சாகவும் வியர்வையாகவும் விடுகிறார். நான்கு பேர் எட்டு மணி நேரம் ஓர் அறையில் படுத்தால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். கண்ணாடி, வெளிச்சுவரின் மூலை, சுவரோடு ஒட்டிய அலமாரியின் முதுகு எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

ஓர் ஈரப்பதமானி வாங்கி மேசைமேல் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது. வெளியே கடுங்குளிரானால் இன்னும் குறைவாக வேண்டும். காலையிலும் இரவிலும் எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். நாள் முழுக்க ஒரு கீற்று திறந்துவைப்பதைவிட இது மேல். காற்று மாறிவிடும், சுவர் குளிர நேரமிருக்காது. குளித்தபின் எக்ஸாஸ்டை 20 நிமிடம் ஓடவிட்டு, அதுவரை குளியலறைக் கதவை மூடிவையுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரலாவது தள்ளிவையுங்கள். பூஞ்சையைத் துடைக்க ப்ளீச் எடுத்தால் அதில் வினிகரோ அம்மோனியா உள்ள திரவமோ சேர்க்கக்கூடாது, நச்சுவாயு வரும்.

விருந்தினர் அறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் பூட்டி, ஹீட்டிங் அணைத்துக் கிடந்த அறையை அவர்கள் வரும் மாலையில் சூடாக்கினால் காற்று ஒரு மணி நேரத்தில் சூடாகிவிடும், மெத்தையும் சுவரும் சூடாகாது. படுக்கை சொதசொதவென்று இருப்பதற்கு அதுதான் காரணம். இரண்டு நாள் முன்பே ஹீட்டிங்கைப் போட்டு, மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்றுப்பட விடுங்கள்.

எங்கிருந்தோ சிலுசிலுவென்று காற்று

காற்றடிக்கும் நாளில் எக்ஸாஸ்டை ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியைக் கதவு, ஜன்னல் ஓரங்களில் நகர்த்துங்கள். புகை பக்கவாட்டில் சாயும் இடத்தில் இடைவெளி இருக்கிறது. புகை கண்ணாடியை ஒட்டி நேராகக் கீழே இறங்கினால் அங்கே ஓட்டை இல்லை. கண்ணாடியில் குளிர்ந்த காற்று கனமாகி இறங்குகிறது, தடித்த திரைச்சீலைதான் அதற்கு மருந்து. ஆனால் ரேடியேட்டரை அந்தத் திரை மூடக்கூடாது.

இடைவெளியின் தடிமன் தெரியாமல் ரப்பர் பட்டை வாங்கினால் ஒன்று கதவு மூடாது, இல்லை காற்று நிற்காது. குழந்தைகளின் களிமண்ணைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கதவுச்சட்டத்தில் ஒட்டிக் கதவை மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் அளவு. அதைவிடச் சற்றே தடித்த பட்டையை வாங்குங்கள். ஒட்டும் பரப்பை ஸ்பிரிட்டால் துடைத்து, வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருக்கும் நேரத்தில் ஒட்டுங்கள். குளிர்ந்த மரத்தில் பசை பிடிக்காமல் ஒரு வாரத்தில் தொங்கும். ஒட்டியபின் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். எரிவாயுக் கருவிக்கும் அடுப்புக்கும் வைத்திருக்கும் காற்றுத்துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

பிரேக்கர் விழுகிறது

எப்போது விழுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து விழுந்தால் அதிகச் சுமை. போட்ட நொடியே விழுந்தால் ஷார்ட். கசிவைப் பிடிக்கும் பிரேக்கர் விழுந்தால் எங்கோ மின்சாரம் பூமிக்குக் கசிகிறது. பனிக்காலத்தில் பெரும்பாலும் வெளியே தொங்கும் அலங்கார விளக்கின் இணைப்பில் நீர் இறங்கியிருக்கும்.

230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சர்க்யூட் என்றால் மொத்தம் 3,680 வாட். 2,000 வாட் ஹீட்டரும் 2,000 வாட் கெட்டிலும் சேர்ந்தால் தாண்டிவிட்டது. 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 1,800 வாட்தான், 1,500 வாட் ஹீட்டர் ஒன்றே 12.5 ஆம்பியரைத் தின்றுவிடும். விருந்தினர் அறை ஹீட்டர் எந்த பிரேக்கரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். எதில் கசிவு என்று கண்டுபிடிக்க எல்லா பிளக்கையும் உருவிவிட்டு, பிரேக்கரைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான்.

ஹீட்டரை நேரே சுவர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் போர்டில் அல்ல. அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய பிளாஸ்டிக், மீன்வாடை போன்ற நாற்றம், இதில் ஏதாவது இருந்தால் அந்த சாக்கெட்டை இனிப் பயன்படுத்த வேண்டாம். அடிக்கடி விழுகிறதே என்று பெரிய பிரேக்கர் மாற்றுவது சுவருக்குள் தீ வைப்பதற்குச் சமம். பிரேக்கர் தாங்கும், உள்ளே இருக்கும் வயர் தாங்காது.

குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது, அல்லது வரவேயில்லை

உறைபனி இரவுக்குப் பிறகு ஒரு குழாயில் மட்டும் இப்படி என்றால் உள்ளே உறைந்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். பெருக்கும் பனி, தனக்கும் மூடியிருக்கும் குழாய்வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீரை நெருக்குகிறது, அழுத்தம் தாளாமல் குழாய் வெடிக்கிறது. ஆகவே முதல் வேலை, குழாயைத் திறந்துவைப்பது. இரண்டாவது, வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று தெரிந்துகொள்வது. வெடித்த இடத்தைப் பனியே அடைத்துக்கொண்டிருக்கும், உருகியதும்தான் கொட்டும்.

ஹேர் டிரையரையோ வெந்நீரில் நனைத்த துணியையோ கொண்டு, குழாயின் வாய்ப்பக்கத்தில் தொடங்கி உறைந்த இடத்தை நோக்கிப் போங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய நீருக்கு வெளியேற வழியிருக்காது. தீப்பிழம்பு கூடவே கூடாது. அடுத்த முறை வராமலிருக்க, வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் அலமாரியின் கதவை இரவில் திறந்துவையுங்கள், தோட்டத்து ஹோஸைக் கழற்றி அந்தக் குழாயை உள்ளிருந்து மூடி வடித்துவிடுங்கள்.

விருந்தினர் குளியலறையில் சாக்கடை நாற்றம்

வடிகாலின் அடியில் உள்ள வளைவில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் அது காய்ந்துபோகும். தரைத் துளை, வாஷ்பேசின், ஷவர் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மீண்டும் பூட்டப்போகிறீர்கள் என்றால் மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும்.

ஒரு சிங்க் மட்டும் தேங்கினால் அடைப்பு அங்கேயே. குளிரில் கொழுப்பு சீக்கிரம் உறைவதால், எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாளால் துடைத்தபின் கழுவ வேண்டும். கழிவறையில் தண்ணீர் விட்டால் ஷவர் துளை 'களக் களக்' என்கிறதா, தாழ்வான துளையில் நீர் பொங்குகிறதா? அடைப்பு மெயின் லைனில். தண்ணீர் உபயோகத்தை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ரசாயனம் ஊற்றாதீர்கள், திறக்க வருபவரின் முகத்தில் அதுதான் தெறிக்கும். கழிவறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்று வையுங்கள். 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று அச்சிட்ட ஈரத்துணிகளும் காகிதம்போல் கரைவதில்லை.

கராஜ் ஃபிரிட்ஜில் ஃபிரீசர் சாமான் இளகுகிறது

கூடுதல் உணவை வைக்கிற இடம் அதுதான் என்பதால் கவனியுங்கள். பல ஃபிரிட்ஜ்களில் ஒரே தெர்மோஸ்டாட், அதுவும் கீழ்ப்பகுதியில். கராஜே 4, 5 டிகிரியில் இருக்கும்போது 'போதுமான குளிர் இருக்கிறது' என்று கம்ப்ரெசர் ஓடுவதை நிறுத்திவிடும், ஃபிரீசர் மெல்ல இளகும். ஃபிரிட்ஜ் கெடவில்லை, இடம்தான் சரியில்லை. வீட்டுக்குள் நகர்த்துங்கள், முடியாவிட்டால் அந்த மாதங்களுக்கு ஃபிரீசரில் ஒன்றும் வைக்காதீர்கள். கீழ்ப்பகுதியைச் சோதிக்க, ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி நடுத்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

வாசற்படியில் உப்பு போட்டும் பனி உருகவில்லை

சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு வேண்டும், அல்லது உருக்குவதை விட்டுவிட்டு மணலைத் தூவிக் காலுக்குப் பிடிப்பு கொடுக்கலாம். பனியை முதலில் வாரிவிட்டுப் பிறகு தூவுங்கள். விருந்தினர் பெட்டியோடு இறங்குவது பெரும்பாலும் இருட்டியபின் என்பதால், படியில் விளக்கு எரிகிறதா என்பதையும் அன்று மாலையே பார்த்துவிடுங்கள்.